வாயிலில் விடுபடும் கணக்கு: ஹைலேண்ட் கேம்ஸ் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஸ்காட்லாந்தில் மே முதல் செப்டம்பர் வரை ஊர் ஊராக ஹைலேண்ட் கேம்ஸ் நடத்தும் குழுக்கள், அவற்றின் சங்கம், விழாக்களுக்குப் பண உதவி செய்யும் உள்ளாட்சி மன்றங்கள்.

அன்புடையீர், வணக்கம்.

சீசன் முடிந்து செயற்குழு கூடும்போது "இந்த வருஷம் கூட்டம் எப்படி?" என்று யாராவது கேட்பார்கள். ஒருவர் குத்துமதிப்பாக ஓர் எண்ணைச் சொல்வார். பொருளாளரின் டிக்கெட் கணக்கு அதைவிடக் குறைவாக இருக்கும், உள்ளூர்ப் பத்திரிகை அச்சிட்டது அதைவிடக் கூடுதலாக இருக்கும். கடைசியில் மூன்றில் பெரியது எதுவோ அது அடுத்த ஆண்டு விளம்பரதாரருக்கான கடிதத்தில் ஏறிவிடும். விழாக்களில் வாயில், வண்டி நிறுத்தம், கூட்ட ஓட்டம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்த ஒற்றை எண்ணைக் கைவிடுங்கள். வருகிற தொகை கூடுவதும் குறைவதும் மழை வெயிலைப் பொறுத்தது. யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள், எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்பதுதான் உண்மையில் மாறியிருக்கிறது. உங்கள் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

ஹைலேண்ட் கேம்ஸைப் பார்த்திராத வாசகருக்காக ஒரு வார்த்தை. புல்வெளி நடுவே வட்டக் களம். அதில் கில்ட் என்னும் முழங்காலளவுப் பாவாடை அணிந்த பலசாலிகள் கல் எறிவார்கள், சம்மட்டி வீசுவார்கள், கேபர் என்னும் நெடுமரத்தைத் தூக்கித் தலைகீழாகப் புரட்டி எறிவார்கள். பிரேமார் என்னும் ஊரின் விழாவில் பெயர்பெற்ற கேபர் 19 அடி 9 அங்குல நீளம், 132 ராத்தல் எடை. அதே நேரத்தில் ஒரு மேடையில் ஹைலேண்ட் நடனப் போட்டி, இன்னொரு மூலையில் பேக்பைப் என்னும் பையுடன் கூடிய குழல்வாத்தியத்தின் தனி வாசிப்பு, சுற்றுப்பாதையில் ஓட்டப் பந்தயம், நடுவே வடம் இழுத்தல் எல்லாம் ஒன்றாக நடக்கும். 1848-இல் விக்டோரியா மகாராணி பிரேமாருக்கு வந்ததிலிருந்து அரச குடும்பத்துக்கும் இவ்விழாவுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் சீசனில் நடக்கும் பெரும்பாலான கேம்ஸ் சிற்றூர் விழாக்கள். சம்பளமில்லாத் தொண்டர்கள்தான் நடத்துகிறார்கள்.

ஒற்றை எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நீங்கள் எல்லோரும் அறிந்த உதாரணம் 2009-இல் எடின்பரோ ஹோலிரூட் பூங்காவில் நடந்த 'தி கேதரிங்'. ஜூலை 25, 26 இரு நாளில் 47,000 பேர் வந்ததாகக் கணக்கு. ஸ்காட்லாந்துப் பொருளாதாரத்துக்கு 1 கோடியே 4 லட்சம் பவுண்டு வரவு என்று மதிப்பீடும் வந்தது. விழாவை நடத்திய நிறுவனத்துக்கோ 5,16,000 பவுண்டு நட்டம். அரசு கொடுத்த 1,80,000 பவுண்டு கடன் தள்ளுபடியானது, சரக்கும் சேவையும் கொடுத்த சிறு வியாபாரிகள் பணத்துக்கு அலைந்தார்கள், அரசுக் கணக்குத் தணிக்கை அமைப்பான ஆடிட் ஸ்காட்லாந்து விசாரித்து அறிக்கை கொடுத்தது. கூட்டம் வராததால் அந்த விழா சரியவில்லை. கூட்டத்துக்கும் கல்லாவுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சரிந்தது. ஊருக்குள் ஹோட்டலில் செலவான பணம் வாயிலில் விழாது. இந்த இரண்டும் வேறு வேறு கணக்குகள். உங்கள் அறிக்கைகளில் இன்றும் இவை ஒரே பத்தியில் கலந்து கிடக்கின்றன.

டனூனில் நடக்கும் கௌவல் ஹைலேண்ட் கேதரிங் வேறொரு பாடம். 1894-இல் தொடங்கிய விழா, ஆகஸ்ட் கடைசியில் வருவது, உலக ஹைலேண்ட் நடனப் போட்டி நடக்கும் இடம். பைப் இசைக்குழுக்களின் ஐந்து பெரிய சாம்பியன்ஷிப்களில் ஒன்றும் அங்கேதான் நடந்துவந்தது, 2013 வரை. அது வேறு ஊருக்குப் போனபோது கௌவல் இழந்தது ஒரு போட்டியை மட்டுமல்ல. ஒரு இசைக்குழு வந்தால் இருபது முப்பது வாசிப்பவர்கள் வருவார்கள், கூடவே பெற்றோர், துணைவர், பேருந்து ஓட்டுநர், முந்தைய இரவுக்கு அறைகள், காலைச் சாப்பாடு. நடனத்திலும் இதே கதை. பத்து வயதுப் பெண் ஒருத்தி போட்டிக்கு வந்தால் குறைந்தது இரண்டு பேர் கூட வருவார்கள், அவள் கடைசி ஆட்டம் முடியும்வரை களத்தைவிட்டு நகரமாட்டார்கள். போட்டியாளர் பட்டியலைச் செலவுப் பக்கத்தில் எழுதிவிட்டுப் பார்வையாளர் குறைந்துபோனார்களே என்று தேடுவது வீண். அவர்களுக்கு இலவச அனுமதி கொடுப்பதால் டிக்கெட் கணக்கில் அவர்கள் வருவதே இல்லை.

வாயிலுக்கே வராத கூட்டமும் உண்டு. ஸ்ட்ராத்டானில் நடக்கும் லோனாக் விழாவின் ஆட்கள் ஈட்டி ஏந்திப் பள்ளத்தாக்கு வழியே நடந்து, வீட்டு வாசல்களில் நின்று ஒரு மடக்கு விஸ்கி குடித்துப் போகும் ஊர்வலத்தைப் பார்க்க வருவோர் காலையிலிருந்தே சாலையோரம் நிற்பார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் களத்துக்கு வராமலே திரும்புவதுண்டு. டனூனிலும் இசைக்குழுக்கள் கடைசியில் நகரத் தெருக்களில் அணிவகுக்கும்போது நடைபாதையில் நிற்பவர்களில் எத்தனை பேர் டிக்கெட் வாங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இவர்களை மொத்தத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று செயற்குழுவில் விவாதித்து நேரத்தைக் கழிக்காதீர்கள். தனி வரியில் எழுதுங்கள், போதும்.

இனி எண்ணும் முறை. இதற்குக் கேமராவோ மென்பொருளோ தேவையில்லை. ஒவ்வொரு வாயிலிலும் இரண்டு கிளிக்கர் (ஒரு அழுத்துக்கு ஓர் எண் ஏறும் கைக்கருவி), ஒரு அட்டை, ஒரு பென்சில். உள்ளே வருபவர்களுக்கு ஒரு ஆள், வெளியே போகிறவர்களுக்கு ஒரு ஆள். அரை மணிக்கு ஒருமுறை கிளிக்கரில் உள்ள எண்ணை நேரத்தோடு எழுத வேண்டும், ஆனால் பூஜ்யத்துக்குத் திருப்பக் கூடாது. திருப்பினால், எழுத மறந்த ஒரு அரை மணி மீளாமல் போய்விடும். தொடர்ந்து ஓடவிட்டால் அடுத்த அரை மணியில் மீட்டுக்கொள்ளலாம். பேனாவுக்குப் பதில் பென்சில் ஏன் என்று ஸ்காட்லாந்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எண்ணுபவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். டிக்கெட் கிழிப்பவர், பை சோதிப்பவர், "கழிப்பறை எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்பவர் எவரும் சரியாக எண்ண முடியாது. பாதை ஒரு மீட்டரிலிருந்து ஒன்றேகால் மீட்டர் அகலம் இருக்கட்டும், குழந்தை வண்டியும் சக்கர நாற்காலியும் போக வேறு அகலமான பாதை வேண்டும். நான்கு மீட்டர் கேட்டைத் திறந்துவைத்து ஓரத்தில் ஒருவரை நிறுத்தினால், பெரியவர்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகள் கணக்கில் விழவே மாட்டார்கள். தோளில் உட்கார்ந்து வரும் குழந்தையும் ஒரு ஆள்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. பிற்பகல் 1.30-க்கு எல்லா வாயிலும் சேர்த்து உள்ளே வந்தது 2,310, வெளியே போனது 420 என்றால் களத்தில் இருப்பவர் 1,890. நாள் முடிவில் மொத்த வருகை 2,900 ஆக இருக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் நின்ற உச்சம் 1,890-தான். மாலையில் கடைசி ஆளும் போனபின் வரவிலிருந்து போக்கைக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். வராது. காலிக் களத்தில் 260 பேர் நிற்பதாகக் கணக்கு காட்டினால் உங்கள் பிழை சுமார் 9 விழுக்காடு. அதை மறைக்காமல் அட்டையிலேயே எழுதிவையுங்கள். பிழை எவ்வளவு என்று தெரிந்த எண், கச்சிதமாகத் தெரியும் எண்ணைவிடப் பயன்படும். வெளியே போய்த் திரும்பி வருபவர்களுக்குக் கையில் முத்திரை குத்தித் தனிப் பாதையில் விட்டு, அங்கே தனிக் கிளிக்கர் வையுங்கள். உச்சத்தை அவர்கள் பாதிக்கமாட்டார்கள், ஆனால் மொத்த வருகையை ஊதிவிடுவார்கள்.

கணக்கு கெடுவது பெரும்பாலும் நண்பகலில்தான். 11.30-க்கும் 1 மணிக்கும் இடையே 3,000 பேர் வருவதாக வையுங்கள். மூன்று பேருக்கு ஒரு குழு என்றால் 1,000 குழுக்கள். பணம், சில்லறை, நிகழ்ச்சிப் புத்தகம் என்று ஒரு குழுவுக்கு அரை நிமிடம் பிடித்தால் ஒரு மேசை அந்த ஒன்றரை மணியில் 180 குழுக்களைத்தான் அனுப்பும். ஆறு மேசை வேண்டிய இடத்தில் மூன்று போட்டால் வரிசை சாலையில் ஏறும், போலீஸ் முகம் சுளிக்கும், யாரோ ஒருவர் "திறந்து விடுங்கப்பா" என்பார். வாயில் திறக்கும், காசும் போகும், எண்ணிக்கையும் போகும். ஆண்டிலேயே கூட்டம் மிகுந்த அரை மணி பதிவில் வெற்றிடமாக நிற்பது இப்படித்தான். முன்பதிவு டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு வேறு பாதை கொடுங்கள், மேசைகளை வாயிலிலிருந்து இருபது மீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள். வரிசை சாலைக்குப் போகாமல் வயலுக்குள் நிற்கும்.

கட்டணமே இல்லாத விழாக்களில், ஃபைஃபில் உள்ள சீரிஸ் போன்ற இடங்களில், வாயில் கணக்கு எடுபடாது. அங்கே வண்டிகளை எண்ண வேண்டும். ஒரு காருக்கு மூன்று பேர் என்று பெருக்கும் பழக்கத்தை விடுங்கள். அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாது. பத்தாவது வண்டி ஒவ்வொன்றிலும் இறங்குபவர்களை எண்ணுங்கள். 620 கார்களில் 62 கார்களைப் பார்த்து, அவற்றில் 167 பேர் என்றால் சராசரி 2.7, ஆகக் கார் வழி வந்தவர் ஏறக்குறைய 1,670. ஒன்பது கோச் பேருந்துகளில் தலா 38 பேர் என்றால் 342. நடந்து வரும் உள்ளூர்க்காரர்களுக்கு ஊர்ப்பக்கப் பாதையில் ஒரு கிளிக்கர். மேட்டிலிருந்து மணிக்கு ஒரு புகைப்படம் எடுத்து, களத்தைக் கட்டங்களாகப் பிரித்துச் சரிபார்க்கலாம். ட்ரோன் ஆசை வேண்டாம். கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிடுவதற்கான விதிகள் ஒரு சிறு குழுவால் சுமக்கக்கூடியவை அல்ல. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1956 முதல் நடக்கும் கிராண்ட்ஃபாதர் மவுன்டன் விழாவுக்கு மலைமேல் இடம் போதாததால் பார்வையாளர்களை அடிவார ஊர்களிலிருந்து ஷட்டில் பேருந்தில் ஏற்றிப் போகிறார்கள். ஒவ்வொரு பேருந்திலும் ஏறுபவர்களை எண்ணினாலே வந்த நேரமும் திரும்பிய நேரமும் கைக்கு வந்துவிடும். இடமின்மை அவர்களுக்குக் கொடுத்த வசதி அது.

தங்கும் நேரத்தை அறிய ஒரு மலிவான வழி இருக்கிறது. 10 மணிமுதல் மணிக்கு ஒரு நிறமாக அட்டை கொடுங்கள்: 10-க்கு மஞ்சள், 11-க்கு பச்சை, 12-க்கு நீலம் என்று. எல்லோருக்கும் வேண்டாம், இருபதில் ஒருவருக்குப் போதும். போகும்போது வாங்கி, அரை மணிக்கு ஒரு பெட்டி என்று போட்டுவிடுங்கள். காகித அட்டை முதல் தூறலிலேயே கூழாகிவிடும், லேமினேட் செய்ததாக இருக்கட்டும். பாதி அட்டைகள் திரும்பாது என்பதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். பிள்ளைகள் வைத்துக்கொள்வார்கள். அட்டை கொடுக்கும்போதே அஞ்சல் குறியீட்டின் முதல் பாதியைக் கேட்டுக் குறியுங்கள்: ஏபி35 என்றால் பிரேமார், பாலட்டர் பக்கம், பிஏ23 என்றால் டனூன், பிஎச்16 என்றால் பிட்லாக்ரி. வெளிநாட்டவரிடம் நாட்டின் பெயர் போதும். பெயர், மின்னஞ்சல் எதுவும் வேண்டாம். அதைக் கேட்டால் வரிசை நிற்கும், தகவல் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும்.

இந்த உச்சம், நேரம் என்ற விவரங்கள் எதற்கு என்று கேட்பீர்கள். முதலில் கழிப்பறை. பிரிட்டனில் விழாப் பாதுகாப்புக் கையேடுகளில் நெடுநாளாக வழங்கிவரும் அளவு, ஆறு மணி நேரத்துக்கு மேல் திறந்திருக்கும் விழாவில் 100 பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு 500 பேருக்கு ஒன்றும் 150 பேருக்கு ஒரு சிறுநீர்க் கோப்பையும். மேலே சொன்ன விழாவில் உச்சம் 1,890, பாதிப் பேர் பெண்கள் என்றால் பெண்களுக்குப் பத்து போதும். மொத்த வருகை 2,900-ஐ வைத்துப் போட்டால் பதினைந்து வாடகைக்கு எடுப்பீர்கள். காசு கொடுத்த டிக்கெட் 1,200 என்று கொண்டு அதை மட்டும் வைத்துப் போட்டால் ஆறு எடுத்து, மூன்று மணிக்குப் பெண்கள் வரிசை தேநீர்க் கூடாரம்வரை நீளும். அந்த வரிசையில் நின்றவர் அடுத்த ஆண்டு வரமாட்டார். அது உங்கள் ஆய்வு எதிலும் காரணமாகப் பதிவாகாது.

இரண்டாவது, சட்டம். 2025 ஏப்ரல் 3-ஆம் நாள் அரச ஒப்புதல் பெற்ற பயங்கரவாதத் தடுப்பு (வளாகப் பாதுகாப்பு) சட்டம் ஸ்காட்லாந்துக்கும் பொருந்தும். மார்ட்டின் சட்டம் என்று பேச்சு வழக்கில் சொல்வது இதைத்தான். குறைந்தது 24 மாத அவகாசம் கொடுத்திருப்பதால் 2027 ஏப்ரலுக்கு முன் நடைமுறைக்கு வராது. பொதுமக்களுக்கான ஒரு நிகழ்வில் ஏதேனும் ஒரு கணத்தில் 800 பேரோ அதற்கு மேலோ ஒன்றாக இருப்பார்கள் என்று நியாயமாக எதிர்பார்க்க முடிந்து, உள்ளே வருபவர்கள் கட்டணம் கட்டினார்களா, டிக்கெட்டோ அழைப்போ வைத்திருக்கிறார்களா என்று வாயிலில் சோதிக்கும் ஏற்பாடும் இருந்தால், அந்த நிகழ்வு கூடுதல் கடமைகளுக்குள் வரும். சட்டம் பார்ப்பது நாள் மொத்தத்தை அல்ல, ஒரே நேரத்து எண்ணிக்கையை. உங்களில் பலர் அந்த 800-இன் இருபுறமும்தான் நிற்கிறீர்கள். விளம்பரதாரருக்கு "நாலாயிரம் பேர்" என்று எழுதிவிட்டு, ஒழுங்குமுறை அமைப்பிடம் "உச்சம் எழுநூறுதான்" என்று சொன்னால் நம்பவைக்க உங்களிடம் அரை மணி அட்டைகள் இருக்க வேண்டும். இன்னொரு நுணுக்கம்: கட்டணமில்லா விழா நடத்துவோர் எண்ணிக்கை எடுப்பதற்காக இலவச டிக்கெட் கொடுத்து வாயிலில் அதைச் சோதிக்கத் தொடங்கினால், இதுவரை வெளியே இருந்த நிகழ்வு சட்டத்துக்குள் வரக்கூடும். கிளிக்கரால் எண்ணுவதில் அந்தச் சிக்கல் இல்லை. டிக்கெட் அச்சடிக்கக் கொடுக்கும் முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது: நிகழ்ச்சி நிரல். கோச் பேருந்தில் வரும் வெளிநாட்டுப் பயணி இரண்டு மூன்று மணி நேரம்தான் நிற்பார். அவர் கேபர் பார்க்க, இசைக்குழுக்கள் ஒன்றுசேர்ந்து நடப்பதைப் பார்க்க, நடனம் பார்க்க வந்தவர். உங்கள் நிரலோ, காலையில் கல், பிறகு சம்மட்டி, எடை வீச்சு என்று போய்க் கேபரைப் பிற்பகலின் கடைசியில் வைத்திருக்கும். பேருந்து மூன்றரைக்குக் கிளம்பிவிட்டால் அவர் கேபர் பார்க்காமல் போகிறார். வாயிலில் காசு வாங்கிய நீங்கள் அவருக்குக் காட்டியது ஒரு வேலியும் அதற்கப்பால் தூரத்தில் சில கில்ட்களும். இதற்காகப் போட்டியைக் கலைக்க வேண்டியதில்லை. பகல் 12.45-க்கு எடை குறைந்த வேறொரு கேபரை வைத்து, மூன்று வீரர்கள், ஆளுக்கு ஒரு எறிதல், ஒலிபெருக்கியில் விளக்கம், பதினைந்தே நிமிடம். வீரர்களுக்கு அதற்குத் தனிச் சன்மானம் கொடுங்கள். வார இறுதியில் சனி ஒரு ஊர், ஞாயிறு ஒரு ஊர் என்று எறிபவர்கள் அவர்கள், இலவசமாக இன்னொரு எறிதல் கேட்பது முறையல்ல. ஈரமான நாளில் மரம் வழுக்கும், நடுவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பெரிய கேபர் தன் நேரத்திலேயே நடக்கட்டும்.

விளக்கம் என்றதும் ஒன்று. கடிகார முகப்பில் பன்னிரண்டு மணி திசையில் மரம் விழுவதுதான் சரியான எறிதல், தூரத்துக்கு இங்கே மதிப்பில்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் புதிதாக வந்தவர் அடுத்த எறிதலில் தானே நடுவராகிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாத அறிவிப்பாளர்கள் இருக்கிறார்கள். பைப் இசையின் பெருவடிவமான பிப்ரோக் வாசிப்பு ஒரு உருப்படிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் போகும். காலையில், மூலை மேடையில், நடுவர்களும் இரண்டு மூன்று ரசிகர்களும் கேட்பது. அதைக் கூட்டத்துக்காகக் குறுக்க வேண்டாம். உருப்படியின் பெயரையும் எத்தனை நிமிடம் என்பதையும் எழுதிய ஒரு பலகை, பத்து நாற்காலிகள் போதும்.

உள்ளூர்க் கூட்டம் வேறு விதம். அவர்கள் காலையிலேயே வந்து கடைசிவரை இருப்பவர்கள். பிள்ளைகள் ஓட்டம், ஊர்க்காரர்களுக்கு மட்டுமான பந்தயம், மலை ஓட்டம், பக்கத்து ஊருடன் வடம் இழுத்தல், இவைதாம் அவர்களைக் கொண்டுவருபவை. பயணிகள் தரும் விலையைப் பார்த்து எல்லோருக்கும் டிக்கெட் ஏற்றும்போது முதலில் கழல்வது இவர்கள்தான். மொத்த எண்ணிக்கையில் அது தெரியாது, அவர்கள் இடத்தில் இரண்டு பேருந்து வந்திருக்கும். வருமானமும் ஏறியிருக்கும். ஆனால் களத்தைச் சுற்றிக் கயிறு கட்டுபவர், தேநீர் ஊற்றுபவர், வயலில் கார்களை வரிசைப்படுத்துபவர் எல்லோரும் அந்தக் குடும்பங்களிலிருந்துதான் வருகிறார்கள். இரண்டு ஆண்டு விழாவுக்கு வராத குடும்பத்திடம் மூன்றாம் ஆண்டு போய்த் தொண்டுக்கு ஆள் கேட்டுப் பாருங்கள். 2020 சீசன் முழுவதும் போய், 2021-இலும் பெரும்பாலான விழாக்கள் நடக்காமல் போனபோது இது கண்கூடாக நடந்தது: மூத்த தொண்டர்கள் பலர் திரும்பவில்லை. அஞ்சல் குறியீட்டைக் கேட்கச் சொல்வது இதற்காகத்தான். உள்ளூர்க் குறியீடுகளின் பங்கு தொடர்ந்து இரண்டு ஆண்டு இறங்கினால் அது டிக்கெட் பிரச்சினை ஆகும் முன்பே ஆள் பிரச்சினை ஆகிவிடும். ஊர்க் கடையில் ஜூன் மாதமே குறைந்த விலையில் உள்ளூர் டிக்கெட் விற்றுவிடுங்கள். வாயிலில் முகவரி கேட்டு விலை குறைக்கும் முறை வேண்டாம், நண்பகல் வரிசையில் அது தகராறாக முடியும்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடும், இங்கிலாந்துப் பள்ளிகள் செப்டம்பர் தொடக்கம்வரை விடுமுறை. ஓபன் நகரின் ஆர்கைல்ஷயர் கேதரிங் ஆகஸ்ட் கடைசியில் வியாழனன்று வருகிறது. அன்று உள்ளூர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். பாலட்டர் ஆகஸ்ட் இரண்டாம் வியாழன் என்பதால் பள்ளி திறப்பு ஓரிரு நாள் முன்பின் ஆனாலே கூட்டத்தின் முகம் மாறும். ஆகஸ்ட் நடுவில் கிளாஸ்கோ கிரீனில் உலக பைப் இசைக்குழுப் போட்டி நடக்கும் சனிக்கிழமையில் விழா வைத்தால் நல்ல இசைக்குழு கிடைப்பது கடினம், இசைக்குழு இல்லாத விழாவுக்கு அந்தக் குடும்பங்களும் வரமாட்டார்கள். இவற்றை எழுதிவைக்காமல் "கூட்டம் 12 விழுக்காடு குறைந்தது" என்பதில் பொருள் இல்லை. இடையில் இரண்டு ஆண்டு நின்றுபோய் மீண்டும் தொடங்கிய 2022-ஐ 2019-உடன் ஒப்பிடும் பட்டியல்களையும் ஓரமாக வையுங்கள்.

மழைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அன்று பெய்த மழையைவிட முந்தைய மூன்று நாள் மழை முக்கியம், ஏனெனில் முதலில் கைவிடுவது வண்டி நிறுத்தும் வயல்தான். களத்தில் தண்ணீர் வடிந்திருக்கும், ஓட்டப் பாதை காய்ந்திருக்கும், ஆனால் வயல் நுழைவில் முப்பதாவது கார் சேற்றில் சுழலும்போது விழா முடிந்துபோகும். நுழைவிலும் வளைவிலும் மட்டும் உலோகப் பாதைத் தகடு விரித்தால் பெரும்பாலும் தாங்கும். டிராக்டர் காத்திருக்க வேண்டிய இடம் வெளியேறும் வழி, நுழையும் வழி இல்லை. மாலையில்தான் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். முன்பதிவு டிக்கெட் பணத்தைக் காப்பாற்றும், வருகையைக் காட்டாது. மழை நாளில் விற்ற டிக்கெட்டுக்கும் வந்த ஆளுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியே குறியுங்கள். தேநீர்க் கடைக்காரருக்கும் உணவு வண்டிக்காரருக்கும் அடுத்த ஆண்டு இட வாடகை பேசும்போது அந்த எண்தான் நியாயம்.

சங்கத்திடம் எங்கள் கோரிக்கை: எல்லா உறுப்பு விழாக்களுக்கும் பொதுவாக ஒரு பக்கப் படிவம் ஒன்று தயாரியுங்கள். கட்டண வருகை, இலவச வருகை, போட்டியாளரும் உடன்வந்தோரும், தொண்டரும் கடைக்காரரும், வாயிலுக்கு வெளியே நின்ற கூட்டம், ஒரே நேரத்து உச்சமும் அதன் மணியும், மாதிரியில் உள்ளூர், ஸ்காட்லாந்தின் பிற பகுதி, பிரிட்டனின் பிற பகுதி, வெளிநாடு எனப் பங்கு, இடைநிலைத் தங்கும் நேரம், மழை, அதே நாளில் மோதிய பிற நிகழ்வுகள், மாலையில் விழுந்த கணக்குப் பிழை. இவ்வளவே. அக்டோபர் முடிவுக்குள் திரும்பி வந்தால் நவம்பரில் தொகுக்கலாம். விழாவின் பெயர் இல்லாமல், அளவு வாரியாக வெளியிடுங்கள். பெயர் போட்டால் எண்கள் மறுபடி ஊதத் தொடங்கும். உள்ளாட்சி மன்றங்களிடம் கேட்பது இன்னும் சிறியது: மானிய விண்ணப்பத்தில் "எதிர்பார்க்கும் மொத்த வருகை" என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டு மேலே உள்ளவற்றில் நான்கைக் கேளுங்கள். பெரிய எண்ணுக்குப் பெரிய தொகை என்ற முறை இருக்கும்வரை ஒழுங்காக எண்ணுபவர்கள்தான் குறைவாக வாங்குவார்கள்.

மே மாதம் கூராக்கில் சீசன் தொடங்குகிறது. ஒரு விழாவுக்கு எட்டு கிளிக்கர், இருநூறு நிற அட்டை, பன்னிரண்டு பென்சில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிட எட்டு எட்டாகப் பதினாறு பேர் வேண்டும். ஆட்கள் கிடைக்காத இடத்தில் உள்ளூர்ப் பள்ளியின் மேல் வகுப்பு மாணவர்களைக் கேளுங்கள், அவர்கள் பள்ளி நிதிக்கு ஒரு தொகை கொடுத்துவிடலாம். மார்ச்சுக்குள் தெரிவித்தால் எண்ணுபவர்களுக்கு ஒரு மாலை நேரப் பயிற்சி எங்கள் செலவிலேயே நடத்தித் தருகிறோம்.

இப்படிக்கு,
விழா வாயில்களிலும் வண்டி வயல்களிலும் கூட்டக் கணக்குப் பார்ப்போர்